அம்மாவிடமிருந்து அடித்து விரட்டிய பாட்டு

என் அம்மாவைச் சாட்டையால் அடித்தார்கள். பாட்டு சொன்னதற்காக. சுற்றி வளைத்து எப்படிச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்தவர் யாரோ ஒரு பூசாரி. அவர் முன்னால் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தது என் அப்பாவும் பெரியப்பாவும்.

அம்மா பிறந்தது மலேசியாவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். அவளுடைய அப்பா பரமத்திப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டதால் பக்கத்து வீட்டு மலாய்க்கார மருத்துவச்சிதான் அம்மாவைத் தூக்கி வளர்த்தாள். அந்த அம்மாளுக்குப் பந்துன் சொல்லாமல் சோறு இறங்காது. பந்துன் என்பது மலாய்க்காரர்களின் நாலு வரிப் பாட்டு. முதல் இரண்டு வரியில் கண்ணில் பட்ட எதையாவது சொல்வார்கள், வேலியில் காயும் துணி, சேற்றில் இறங்கும் கோழி, இப்படி. அடுத்த இரண்டு வரியில் மனசில் இருப்பது வரும். ஒருவர் சொன்னால் எதிரில் இருப்பவர் பதில் பாட்டு சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை கெட்டவர் என்று அர்த்தம். கல்யாணம் பேச வந்தால்கூட பெண் வீட்டார் பாட்டில் கேட்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பாட்டில் பதில் சொல்வார்கள்.

பெண்ணைச் சொந்த சனத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று தாத்தா அடம்பிடித்து, பத்தொன்பது வயதில் அவளைத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிவந்து என் அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தார். தோட்டம் துரவோடு, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியும் வைத்திருந்த குடும்பம். அம்மாவின் உடம்பில் ஓடியது சுத்தமான கொங்கு ரத்தம். அப்படியும் கடைசி வரைக்கும் அவளுக்கு ஊரில் வைத்த பெயர் மலாய்க்காரி. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னை மலாய்க்காரி மகள் என்றாள். அவள் முன்பல்லை உடைத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

முதலில் அப்பாவுக்கு அந்தப் பாட்டுகள் பிடித்துத்தான் இருந்தன. புதுசில், "எங்க, அதை இன்னொருக்கா சொல்லு" என்று கேட்பாராம். எல்லாம் கெட்டது ஒரு பூசை நாளில். ரிக் வண்டி வடக்கே புறப்படும் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். தட்டை நீட்டிய அம்மா, அவளுடைய ஊர் வழக்கப்படி, பயணம் போகிறவர்களுக்கு வாழ்த்தாக நாலு வரி சொன்னாள். அந்தப் பயணத்தில் போர் போடப் போன முதல் இடத்திலேயே ராடு அறுந்து, பாறையை உடைக்கும் ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போன வேலையாளின் மணிக்கட்டு நசுங்கிவிட்டது. போர் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், தொழிலின் மூத்த பங்காளி, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"அது வாழ்த்துமில்ல ஒண்ணுமில்ல. அவ மந்திரம் சொல்லி வண்டியக் கட்டிப் போட்டுட்டா."

அன்றைக்கு அப்பா கம்ப்ரசரின் பழைய பெல்ட்டால் அம்மாவை அடித்தார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் துணி துவைக்கும் கல்லின் மேல் தள்ளி அடித்தார். நான் அப்போது சின்னவள். ரப்பர் பெல்ட் தோலில் விழும் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்தான் அது. அடித்துவிட்டு அவரே உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டார். அம்மா எழுந்து முகம் கழுவினாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழிலேயே ஒரு பந்துன் கட்டிச் சொன்னாள்.

அறுந்து போன பெல்ட்டு கெடக்குது ஓரமா,
ஆட்டுக்குட்டி குதிக்குது வரப்பு மேல;
அடிச்ச கை தூங்குது பாரமா,
அடி வாங்குன வாய்க்கு இன்னும் இருக்குது வேல.

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், உதடு கிழிந்திருந்ததால் பாதிச் சிரிப்பு. அதிலிருந்து அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அப்பா எதை எடுத்து அடித்தாரோ அது மறுநாள் பாட்டின் முதல் வரியில் வந்து உட்கார்ந்துவிடும். தோசைக் கரண்டி, மாட்டுக் கயிறு, டிராக்டர் சாவிக்கொத்து எல்லாம் வந்திருக்கின்றன. மழை தவறினாலும் கோழிக்குச் சீக்கு வந்தாலும் பழி அம்மாவின் நாக்குக்குப் போகும், கையில் கிடைத்தது அம்மாவின் முதுகுக்குப் போகும். அவள் நிறுத்தவில்லை. மலாயில் சொன்னாள், தமிழில் சொன்னாள், இரண்டையும் கலந்து சொன்னாள். ஏன் இப்படி அடி வாங்குகிறாய், வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று ஒருமுறை ஆத்திரத்தில் கத்தினேன்.

"எங்கம்மா குடுத்தது சாமி. வேற என்ன கொண்டாந்தேன் நான்?" என்றாள். எங்கம்மா என்று அவள் சொல்வது அந்த மருத்துவச்சியைத்தான்.

எனக்கு மலாய் பேசத் தெரியாது. அவள் சொன்ன பாட்டுகள் மட்டும் தெரியும். அவள் ஒன்று சொன்னால் அதற்கு எது பதில் என்று தெரியும். மாவாட்டும்போதும் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும்போதும் நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வோம். அது எனக்கும் அவளுக்கும் மட்டுமான ஒரு ஊர்.

எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மோகனூர்ப் பக்கத்து மாப்பிள்ளை, நல்ல இடம், பெரியப்பா பார்த்துக் கொண்டுவந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற ஒரு வண்டி நிறைய ஒறம்பரைச் சனம் வந்து இறங்கினார்கள். அம்மா மெரூன் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷம்தான் அவளை ஏமாற்றியது. தட்டைக் கையில் எடுத்தவள், மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, கண்ணை விலக்காமல், அவள் ஊரில் சொல்வது போலவே லேசாக ஆடிக்கொண்டு, மலாயில் ஒரு பந்துன் சொன்னாள். ஆற்றங்கரையில் வாழை குலை தள்ளியிருக்கிறது, படகு கரையில் கட்டியிருக்கிறது; எங்கள் வீட்டு விளக்கை எடுத்துப்போக வந்தவர்களே, எண்ணெய் ஊற்றத் தெரியுமா உங்களுக்கு? இதுதான் அதன் பொருள். பெண்ணைப் பெற்றவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

அம்மா பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மகனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்கள் சொல்ல வேண்டிய பதிலை, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, நான் சொன்னேன். எண்ணெயும் உண்டு, திரியும் உண்டு, காற்றடித்தால் மறைக்கக் கையும் உண்டு என்று வரும் அந்தப் பாட்டு. அவ்வளவுதான். பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, ரண்டுத்துக்கும் பேய் புடிச்சிருக்குது" என்று அலறினாள். மாற்றுவதற்கு வைத்திருந்த தட்டு அப்படியே இருக்க, வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா பெரியப்பாவுக்கு ஃபோன் செய்தார். பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. "தாயையும் புள்ளையையும் சாட்டைக்கு உக்கார வெச்சுக் கூட்டியாங்க, அப்பறம் நாயம் பேசிக்கலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் சரஸ்வதி பூசை முடிந்த மறுநாள் ஒரு கோவிலில் சாட்டையடி நடக்கும். பேய் பிடித்ததாகச் சொல்லும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு மைதானத்தில் வரிசையாக மண்டியிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொள்வார்கள். பூசாரி பறைக்கு ஆடிக்கொண்டே வந்து சாட்டையை வீசுவார். அடி வாங்கினால் பிடித்தது போய்விடும் என்று நம்பி, தாங்களாகவே வந்து வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிற பெண்கள் நிறைய. அவர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். ஆனால் யாரையாவது பிடித்தது போகவில்லை என்று வீட்டார் சொன்னால், அந்தப் பெண்ணிடம் மட்டும் நின்று "போறயா?" என்று கேட்பார்கள். போறேன் என்று அவள் வாயால் சொல்லும்வரை சாட்டை நிற்காது.

நான் உட்கார மாட்டேன் என்றேன். போறேன் என்று சொன்னால் அம்மாவின் பாட்டைப் பேய் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அப்பா என் கன்னத்தில் அறைந்தார். நான் அம்மிக் குழவியை எடுத்து டிவியின் மேல் போட்டேன். கண்ணாடி கூடம் முழுக்கச் சிதறியது. அவர் என் கூந்தலைப் பிடித்தார், நான் அவர் முன்கையைக் கடித்தேன். விடவில்லை. வாயில் உப்பாக ரத்தம் வந்த பிறகும் விடவில்லை. பெரியப்பாதான் என் தாடையை அமுக்கிப் பிரித்தார். நடுவில் அம்மா வந்து விழுந்தாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நாஞ் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவளுக்கும் சேத்து நானே வாங்கிக்கறேன், அவள விட்டுருங்க" என்று அப்பாவின் காலைப் பிடித்தாள்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையாட்டினார். நான் நம்பிவிட்டேன். அம்மாவும் நம்பிவிட்டாள்.

மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. மஞ்சள் சேலையில் அம்மா வரிசையின் கடைசியில் மண்டியிட்டிருந்தாள். நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன், அப்பா என் கையைப் பிடித்திருந்தார். கட்டு போட்ட அந்தக் கையாலேயே பிடித்திருந்தார். பூசாரி மற்றவர்களை ஒன்றிரண்டு வீச்சில் கடந்து வந்தார். அம்மாவிடம் வந்ததும் நின்றார். பெரியப்பா முன்பே போய்ச் சொல்லிவைத்திருந்தார்.

"ஆரு நீ? எங்கிருந்து வந்தே?"

"கடலுக்கு அக்கட்டால இருந்து" என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

கூட்டம் ஓவென்றது. சாட்டை விழுந்தது. பிரித்த நாரில் முறுக்கிய சாட்டை, நுனியில் முடிச்சு. முதல் அடியில் ஜாக்கெட் கிழிந்தது.

"போறயா?"

அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. மறுபடி விழுந்தது. மறுபடி. பறை வேகமாக அடிக்க அடிக்கச் சாட்டையும் வேகமானது. முதுகில் சிவப்புக் கோடுகள் எழும்பி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வெடித்து ரத்தம் வழிந்தது. நான் கத்தினேன். பறைச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்பாவின் கைக்கட்டைப் பிடித்துத் திருகினேன், கெண்டைக்காலில் உதைத்தேன், கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல் மாதிரி நின்றார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அந்த அழுகையை நான் மன்னிக்கவில்லை. அழத் தெரிந்தவனுக்கு நிறுத்தச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா தூக்கிய கையை இறக்கவே இல்லை. அடுத்த முறை பூசாரி "போறயா?" என்று கேட்டபோது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள், ஆனால் நாலு வரியும் சொன்னாள்.

காயின் பாசா டிஜெமுர் டி பாகார்,
ஆயாம் ஹித்தாம் துருன் கெ பாயா;
பாடான் டிபுக்குல் ஹாத்தி தா கென்தார்,
மூலுட் இனி மூலுட் சாயா.

ஈரத் துணி வேலியில் காய்கிறது, கறுப்புக் கோழி சேற்றில் இறங்குகிறது. உடம்பை அடித்தாலும் மனசு அஞ்சாது, இந்த வாய் என் வாய். அதற்கு முன் நான் கேட்டிராத பாட்டு அது, வார்த்தைகள் மட்டும் பழைய பாட்டுகளில் கேட்டவை. அங்கேயே, அந்த அடியிலேயே கட்டினாள். என் அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். பறைக்காரர்கூட ஒரு கணம் கையை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் பெரியப்பா கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்.

"இது இப்படிப் போவாதுங்க. புள்ள மேலயும் ஏறியிருக்குது. அதையும் உக்கார வெச்சாத்தான் தாயி மேல இருக்கறதும் எறங்கும்" என்றார்.

அப்பா என்னைக் கயிற்றுக்குள் இழுத்தார். நான் தரையில் புரண்டேன். இரண்டு பேர் வந்து தூக்கி அம்மாவுக்கு நாலடி தள்ளி மண்டியிட வைத்தார்கள். யாரோ என் பின்னலை அவிழ்த்தார்கள். அப்பா என் கழுத்தை அழுத்திக் குனிய வைத்தார். எனக்குப் பயமே இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். கொதித்துக்கொண்டிருந்தேன். என்னாலும் வாங்க முடியும், நானும் சொல்லமாட்டேன், இவர்கள் கை ஓயட்டும் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மண்ணில் பூசாரியின் நிழல் சாட்டையைத் தூக்குவது தெரிந்தது.

"போறேன்" என்றாள் அம்மா.

நான் தலையைத் தூக்கினேன். "வேண்டாம்மா, சொல்லாதே" என்று கத்தினேன்.

"போறேனுங்க. போயிருச்சுங்க. புள்ளையத் தொடாதீங்க, போயிருச்சு" என்று முழங்காலாலேயே நகர்ந்து வந்து, எனக்கும் சாட்டைக்கும் நடுவில் ரத்த முதுகைக் காட்டிக் கவிழ்ந்தாள். அத்தனை வருஷம் பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் கொடுக்காததை, சாட்டைக்கும் கொடுக்காததை, என் மேல் ஓர் அடி விழப்போகிறது என்றதும் ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

பெரியப்பா அதோடு விடவில்லை. வெற்றிலையில் சூடம் ஏற்றிக் கொண்டுவரச் சொன்னார். "நானும் என்ற புள்ளையும் இனி அந்தப் பாட்டைச் சொல்லமாட்டோம். மீறினா அது என்ற புள்ள தலையில விழட்டும்" என்று சொல்லச் சொன்னார். அம்மா சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அவள் கடல் கடந்து வந்தவள்தான், ஆனால் அந்தச் சாமிக்கு வருஷா வருஷம் பொங்கல் வைத்தவளும் அவள்தான். சூடம் அடித்துச் சொன்னதை மீறுகிறவள் அல்ல.

அந்த மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். நான் அவர்கள் வண்டிக் கண்ணாடியில் கல்லை எறிந்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன், அங்கேயே ஒருத்தரைக் கட்டிக்கொண்டேன், இப்போது பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருக்கிறாள். பெரியப்பா படுக்கையில் கிடக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. அப்பா மாசத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார், தான் வரமாட்டார். வந்தால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அம்மா அன்றைக்குப் பிறகு ஒரு வரி சொல்லவில்லை. மலாயிலும் இல்லை, தமிழிலும் இல்லை. காய் விலை பேசுவாள், டிவியில் சீரியல் பார்ப்பாள், பேத்திக்குத் தலைவாரி விடுவாள். பாட்டு வரவேண்டிய இடத்தில் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அவளை எப்படியாவது சொல்ல வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பேயும் இல்லை, சத்தியமும் இல்லை, எல்லாம் பெரியப்பா என்கிற அந்தக் கிழவன் கட்டிய கதை என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

போன மாதம் ஒரு காலையில், மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான், மகளைப் பார்த்து அந்த மைதானத்துப் பாட்டைச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மகளும் என் பின்னாலேயே, சிரித்துக்கொண்டே, சொன்னாள். மூன்றாவது வரி அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்தாள். பாடப்போகிறாள் என்று நினைத்தேன்.

என் வாயின் மேல் அறைந்தாள். புறங்கையால், எலும்பு படும்படி. அவள் வாழ்நாளில் என்னைத் தொட்டு அடித்தது அது ஒன்றுதான். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. மகள் அலறினாள்.

"அம்மா!" என்றேன்.

"வாய மூடு. புள்ள வாயையும் மூடு" என்றாள். "சூடமடிச்சுக் குடுத்தது குடுத்ததுதான். உன்ற முதுகுல ஒரு கோடு இல்லாம இருக்குதில்ல, அது என்ன சும்மா வந்துதா?"

நான் மகளின் வாயை என் கையால் பொத்தினேன்.